திருவண்ணாமலையில் காத்திருந்த லைக்கா: யார் இந்த கார்ட்டியே-பிரஸ்ஸோன்?

1950 ஏப்ரல் 14, இரவு 8.47 மணி. திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் உயிர் பிரிந்தது. உலகின் பெரிய போட்டோகிராபர்களில் ஒருவர் அப்போது அதே ஊரில்தான் இருந்தார். ஆனால், அந்த நிமிஷத்தின் படம் அவரிடம் இல்லை. தங்கியிருந்த வீட்டு வாசலில் நின்று, வானத்தில் நகர்ந்த எரிநட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட இருந்த நண்பர்கள்தான் அதைக் காட்டினார்கள்.

அவர் பெயர் ஹென்றி கார்ட்டியே-பிரஸ்ஸோன். சரியான கணத்தைப் பிடிப்பதில் மன்னன் என்று உலகமே சொல்லும் ஆள். அவருக்கே இப்படி ஒரு கணம் நழுவியதா?

கேமராவை யார் சொல்லிக் கொடுத்தது?

யாரும் இல்லை. 1908-ல் பாரிஸுக்கு அருகே, நூல் தயாரிக்கும் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பத் தொழிலில் மனம் ஒட்டலை. ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் பெயின்டிங் படித்தார். கோடு, வடிவம், சமநிலை எல்லாம் அங்கே கற்றதுதான். போட்டோகிராபியை எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை.

22 வயதில் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டுக்குப் போனார். கடுமையான காய்ச்சல் வந்து, பிழைத்ததே பெரிய விஷயம். ஊர் திரும்பியபின் மார்ட்டின் முன்காச்சி எடுத்த ஒரு படம் கண்ணில் பட்டது. ஏரி அலைக்குள் ஓடும் மூன்று சிறுவர்கள். ஓடுகிற மூவரும் அந்த ஒரு நொடியில் ஒரே ஓவியமாகி நிற்கிறார்கள். கேமராவால் இதெல்லாம் முடியுமா என்று அசந்துபோனவர், 1932-ல் சின்னதாக ஒரு லைக்கா வாங்கினார்.

அவர் ஸ்டைல் என்ன?

பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான். ஃபிளாஷ் கிடையாது. கேமராவின் பளபளப்பான பாகங்களில் கறுப்பு டேப் ஒட்டிவிடுவார், யாரும் கவனிக்கக் கூடாது என்பதற்காக. எடுத்த படத்தைப் பிறகு க்ராப் பண்ணுவதும் அரிது. கலரில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பேர் வாங்கித் தந்ததெல்லாம் கறுப்பு வெள்ளைதான்.

1940-ல் ஜெர்மன் படையிடம் போர்க்கைதியாகச் சிக்கினார். இரண்டு முறை தப்பி மாட்டிக்கொண்டவர், மூன்றாவது முறை 1943-ல் தப்பித்துவிட்டார். முன்பே மண்ணில் புதைத்து வைத்திருந்த லைக்காவைத் தோண்டி எடுத்தார். அவர் செத்துவிட்டார் என்று நினைத்து நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் நினைவுக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தது. 1947-ல் அது நடந்தபோது ஆள் உயிரோடுதான் இருந்தார்! அதே வருஷம் ராபர்ட் காப்பா உள்ளிட்ட நண்பர்களோடு சேர்ந்து மேக்னம் நிறுவனத்தைத் தொடங்கினார்.

இந்தியாவில் என்ன எடுத்தார்?

அவர் மனைவி ரத்னா மோகினி ஜாவாவைச் சேர்ந்த நடனக் கலைஞர். 1947-ல் இருவரும் இந்தியா வந்தார்கள். 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் காந்தியைச் சந்தித்துவிட்டுக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் காந்தி சுடப்பட்டார். அந்தக் கணத்திலும் இவர் அங்கே இல்லை. திரும்பி ஓடி வந்து எடுத்தது, பிர்லா மாளிகை வாசலில் மரணச் செய்தியை மக்களிடம் சொல்லும் நேருவை. இருட்டு, மங்கல் வெளிச்சம், கலங்கிய முகம். அன்றைய துக்கத்தை அந்த ஒரு படமே சொல்லிவிடும்.

சீனாவில் ஆட்சி மாறுவதையும் படம்பிடித்துவிட்டு, 1950-ல் திருவண்ணாமலை வந்தார். ரமணருக்கு இடது கையில் புற்றுக்கட்டி. நான்கு அறுவை சிகிச்சைகள் ஆகியிருந்தன. கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. கடைசி வரை பக்தர்கள் வரிசையாக வந்து தரிசித்தார்கள். கார்ட்டியே-பிரஸ்ஸோன் எடுத்த படங்களில் அந்த மெலிந்த உடம்பும் அசையாத பார்வையும் அப்படியே இருக்கின்றன. மரணத்துக்குப் பிறகு, சமாதி வைக்கும் சடங்கையும் கூடி நின்றவர்களையும் எடுத்தார். அதே மாதம் புதுச்சேரிக்குப் போய், பல வருஷங்களாகப் படமே எடுக்கப்படாமல் இருந்த அரவிந்தரையும் எடுத்தார். டிசம்பரில் அரவிந்தரும் மறைந்தார்.

அப்போ, கணம் நழுவியதா?

1952-ல் அவருடைய முக்கியமான புத்தகம் வந்தது. அதன் பிரெஞ்சுத் தலைப்புக்கு, ஓட்டத்தில் சட்டென்று பிடித்த படங்கள் என்பது போலப் பொருள். 'தீர்மானமான கணம்' என்பது ஆங்கிலப் பதிப்புக்கு வைத்த பெயர். அதுவே அவர் பட்டம் ஆகிவிட்டது. பலரும் அதை, பெரிய சம்பவம் நடக்கும் நொடி என்று புரிந்துகொள்கிறார்கள். அவர் சொன்னது வேறு: காட்சியின் அர்த்தமும் அதன் வடிவமும் ஒன்றுசேரும் நொடி. தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் ஒரு சாதாரண மனிதரிடமும் அது கிடைக்கும்.

காந்தி, ரமணர் இருவரின் கடைசி மூச்சும் அவர் ஃபிலிமில் இல்லை. மரணத்துக்கு முந்தைய அமைதியும், பிறகு இருந்தவர்களின் முகங்களும் இருக்கின்றன. மரணம் சுற்றியிருப்பவர்களை என்ன செய்கிறது என்பதைப் பார்க்க, அந்த நொடியில் அறைக்குள் இருக்க வேண்டிய அவசியமில்லை.

1970-களில் கேமராவைப் பெரும்பாலும் ஓரம் கட்டிவிட்டு, முதல் காதலான ஓவியத்துக்கே திரும்பினார். 2004 ஆகஸ்ட் 3-ல் தெற்கு பிரான்சில் காலமானபோது வயது 95.