மடத்து வாசலில் கூடிய துறைகள்

ஒரு சிற்றூரின் நலனைப் பேணப் பல துறைகள் இருக்கின்றன. பள்ளிக்குக் கல்வித்துறை, நோய்க்குச் சுகாதாரத்துறை, பயிருக்கு வேளாண்துறை, கடனுக்கு வங்கி. ஒவ்வொன்றும் தன் வழியே ஊருக்குள் வந்து, தன் வழியே திரும்பிச் செல்லும். பசியோடு பள்ளிக்கு வரும் குழந்தை இவற்றுள் எந்தத் துறையின் பொறுப்பு என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. சுமார் அரை நூற்றாண்டுக்கு முன், காரைக்குடிக்கு அருகிலுள்ள ஓர் ஊரில் இத்துறைகளை ஒன்றுசேர்க்க முனைந்தவர் ஒரு சைவ மடத்தின் தலைவர். அவர் தவத்திரு குன்றக்குடி அடிகளார்.

மயிலாடுதுறைப் பக்கம் நடுத்திருப்பள்ளியில் 1925 ஜூலை 11-இல் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் அரங்கநாதன். சிறுவனாக அண்ணாமலை நகரில் வசித்தபோது, சொல்லின் செல்வர் ரா.பி. சேதுப்பிள்ளை நாளுக்கொரு குறளை ஒப்பிக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் காலணா கொடுத்தார். குறளோடு அன்று தொடங்கிய உறவு கடைசிவரை நீடித்தது. பின்னர் தருமபுரம் ஆதீனத்தில் துறவு பூண்டு கந்தசாமித் தம்பிரான் ஆனார். 1949-இல் குன்றக்குடி திருவண்ணாமலை ஆதீனத்துக்கு வந்து, 1952-இல் அதன் தலைவரானார். அருள்நெறித் திருக்கூட்டம், பூதான இயக்கம், 1965-ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டம், 1969-இல் சட்ட மேலவை என அவருடைய பொதுவாழ்வு விரிந்தது. கடவுள் மறுப்பாளரான பெரியாருடன் அவர் கொண்டிருந்த நட்பு தமிழகம் அறிந்தது. தமிழர்கள் இன்று அவரைப் பெரிதும் நினைப்பது பட்டிமன்ற நடுவராகத்தான். அது ஓரளவு நம் மறதியைக் காட்டுகிறது என்றே சொல்ல வேண்டும். அவருடைய ஆழமான பணி மேடைக்கு வெளியே நடந்தது.

குன்றக்குடி மயில்மலையின் உச்சியில் சண்முகநாதர் கோயில். அடிவாரத்தில் பாண்டியர் காலக் குடைவரைகள். விழாக் காலங்களில் காவடிகள் வந்து குவியும். விழா முடிந்தால் மழையையும் கண்மாயையும் நம்பிய வறண்ட பூமி. வானம் பொய்த்த ஆண்டில் உழவருக்கு வேலையில்லை. வேலையில்லாத வீட்டில் அடுப்பெரியாது. அடுப்பெரியாத வீட்டுப் பிள்ளையின் படிப்பு நிற்கும், உடலும் நலியும். இந்தச் சங்கிலியை அடிகளார் கோயில் வாசலிலேயே கண்டார். 1972-இல் சோவியத் நாட்டுக்குச் சென்று வந்தது, திட்டமிட்ட வளர்ச்சியில் அவருக்கு இருந்த நாட்டத்துக்கு உரமிட்டது. எழுபதுகளில் குன்றக்குடி கிராமத் திட்டம் உருவானது.

திட்டத்தின் அடிப்படை எளிது. ஊரை மொத்தமாகப் பார்க்காமல் குடும்பம் குடும்பமாகப் பார்ப்பது. அந்தந்தக் குடும்பத்தின் வருவாயை உயர்த்தும் வழியைத் தேடுவது. அதற்கு அறிவியல் வேண்டும், முதல் வேண்டும், படிப்பு வேண்டும். அறிவியல் பக்கத்திலேயே இருந்தது. அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் காரைக்குடியில் இயங்கிக்கொண்டிருந்தது. அதன் ஆய்வுக்கூடத்துக்கும் குன்றக்குடியின் குடிசைகளுக்கும் இடையே சில கல் தொலைவுதான். ஆனால் கடக்க ஆளில்லாத தொலைவு. அடிகளார் விஞ்ஞானிகளை ஊருக்கு அழைத்தார். அவர்களின் தொழில்நுட்பத்தைக் கொண்டு ஊரில் சிறுதொழில்கள் தொடங்கப்பட்டன. கூட்டுறவும் கல்வியும் அவற்றுக்குத் துணை நின்றன. துறவியும் வேதியியலாரும் ஒரே திண்ணையில் அமர்ந்து தொழிலைப் பற்றிப் பேசியது, அன்றைய மடங்களின் வழக்கத்தில் எளிதில் காணக்கூடிய காட்சியன்று.

ஏறத்தாழ அதே காலத்தில், 1978 செப்டம்பரில், சோவியத் ஒன்றியத்தின் அல்மா-அட்டா நகரில் உலக நாடுகள் கூடின. மக்களின் உடல்நலத்தை மருத்துவத்துறை மட்டும் காக்க முடியாது. வேளாண்மை, உணவு, கல்வி, தொழில், வீட்டுவசதி ஆகிய துறைகளும் இணைந்து செயல்பட வேண்டும் என்று அம்மாநாடு அறிவித்தது. ஆரம்ப சுகாதாரம் என்னும் கொள்கையின் சாசனமாக அதை இன்றும் போற்றுகிறார்கள். உடல்நலத்தை முன்வைத்து உலகம் சொன்ன அதே இணைப்பை, வருவாயை முன்வைத்து ஒரு சிற்றூர் செய்து பார்த்துக்கொண்டிருந்தது. நுழைவாயில்தான் வேறு.

குன்றக்குடித் திட்டம் நடுவண் அரசின் திட்டக்குழுவின் பாராட்டைப் பெற்றது. ஆயினும் அது ஊர் ஊராகப் பரவவில்லை. இதற்குக் காரணம் அத்திட்டத்தின் வலிமையிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. துறைகள் ஒன்றுகூட ஓரிடம் வேண்டும். அழைப்பவர் ஒருவர் வேண்டும். அவர் அழைத்தால் தட்டமுடியாத மதிப்பும் அவருக்கு இருக்க வேண்டும். குன்றக்குடியில் மடம் அந்த இடமாயிற்று, அடிகளார் அந்த அழைப்பாளரானார். வங்கி மேலாளரும் தலைமையாசிரியரும் விஞ்ஞானியும் யார் யாருக்குக் கீழ் என்ற கேள்வியே எழாமல் அங்கே அமர முடிந்தது. அந்த மதிப்பை அரசாணையால் உண்டாக்க இயலாது. மாவட்டந்தோறும் ஒருங்கிணைப்புக் குழுக்கள் இன்று உண்டு. கூட்டக் குறிப்புகளும் உண்டு. பள்ளி ஆசிரியரும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரும் ஒரே குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசிக்கொள்ளும் ஊர்கள் எத்தனை என்பதை அக்குறிப்புகளிலிருந்து அறிய முடியாது.

சமயத் தலைவர் உலகியலில் இறங்கலாமா என்ற ஐயத்துக்கு அடிகளாரின் வாழ்வே விடையாக அமைந்தது. வயிற்றை மறந்த வழிபாட்டில் அவருக்கு உடன்பாடில்லை. 1982-இல் மண்டைக்காட்டில் கலவரம் மூண்டபோது அமைதி வேண்டி நேரில் சென்றவரும் அவரே. ஊரில் தொழில் தொடங்குவதும் ஊர்களுக்கிடையே பகை தணிப்பதும் அவருக்கு ஒரே கடமையின் இரு பக்கங்களாக இருந்தன.

தமிழக அரசு 1986-இல் அவருக்குத் திருவள்ளுவர் விருது வழங்கியது. காலணாவுக்குக் குறள் ஒப்பித்த சிறுவனுக்கு அது பொருத்தமான பெருமை. ஐந்தாண்டுகள் கழித்து, அறிவியலை மக்களிடம் பரப்பியமைக்காக நடுவண் அரசின் தேசிய விருதும் காவியுடுத்திய அந்தத் துறவியைத் தேடி வந்தது. 1995 ஏப்ரல் 15-இல் அவர் மறைந்தார்.