லியோ கான்னர்

போடிநாயக்கனூருக்கு மேற்கே உயர்ந்து செல்லும் ஏலமலைச் சரிவுகளில் ஏலச்செடி மரநிழலை நாடியே வளரும். அஃது அதன் பிறவியியல்பு, வளர்த்தவர் குற்றமன்று. குழந்தைகள் சிலர்க்கும் இத்தகைய தனியியல்பு பிறப்பிலேயே அமைவதுண்டு. அதனை ஆராய்ந்துரைத்த மருத்துவ அறிஞர் லியோ கான்னர் ஆவார்.

இவர் அன்றைய ஆஸ்திரிய-அங்கேரிப் பேரரசில் 1894-ஆம் ஆண்டு பிறந்தார். பெர்லினில் மருத்துவம் பயின்றார். 1924-இல் அமெரிக்கா சென்றார். பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1930-இல் குழந்தைகளுக்கென மனநலப் பிரிவைத் தொடங்கினார்.

அங்கே 11 குழந்தைகளை அவர் கூர்ந்து நோக்கினார். அவர்கள் தனிமையை விரும்பினர். சிறு மாறுதலுக்கும் கலங்கினர். அவருள் சிலரைக் காது கேளாதவர் என்றும், அறிவு குன்றியவர் என்றும் பிறர் எண்ணியிருந்தனர். ஆயினும் பலருடைய நினைவாற்றல் வியக்கத்தக்கதாயிருந்தது. இவற்றை 1943-இல் கட்டுரையாக வெளியிட்டார். அந்நிலையே ஆட்டிசம் எனப்படுகிறது.

இது பிறவியில் அமைவதென்றே கான்னர் கருதினார். எனினும், அப்பெற்றோரிடம் பாசத்தின் ஈரம் குறைந்திருந்ததாகவும் எழுதினார். அக்கருத்துப் பரவியதால் அன்னையர் பலர் செய்யாத பிழைக்குப் பழி சுமந்தனர். 1969-இல் பெற்றோர் கூடிய அவையில், அவர்கள் குற்றமற்றோர் என அவரே அறிவித்தார். 1981-இல் மறைந்தார்.

1977-இல் பிரிட்டனில் வெளியான இரட்டையர் ஆய்வு, இந்நிலையில் மரபுக்குப் பெரும்பங்கு உண்டெனக் காட்டிற்று. 2020-இல் வெளியான பேராய்வொன்று, இதனோடு தொடர்புடைய 102 மரபணுக்களைச் சுட்டியது. ஆதலின், தாயைப் பழித்தலை விடுத்து, குழந்தையின் இயல்பறிந்து துணைநிற்றலே கற்றோர் கடனாகும்.