லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் (ஏப்ரல் 14, 1822 – மார்ச் 2, 1902) கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் பணியாற்றிய பிரித்தானிய அதிகாரியும், தென்னிந்தியாவின் தொடக்ககால ஒளிப்படக் கலைஞர்களுள் ஒருவரும் ஆவார். மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் முதலிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் இவர் எடுத்த படங்கள், அவ்வூர்களைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய ஒளிப்படப் பதிவுகளுள் அடங்கும். பொழுதுபோக்காகத் தொடங்கிய இவரது ஒளிப்பட முயற்சி சில ஆண்டுகளில் அரசுப் பணியாகி, பின்னர் அரசின் ஆணையாலேயே முடிவுக்கு வந்தது.

இளமையும் பொழுதுபோக்கும்

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள டெவன்போர்ட் நகரில், மருத்துவர் ஒருவரின் பன்னிரண்டு பிள்ளைகளுள் ஒன்பதாமவராக டிரைப் பிறந்தார். 1838 இல் கம்பனிப் படையில் சேர்ந்து, விரைவில் இந்தியாவுக்கு வந்தார். 1850 இல் விடுப்பில் தாயகம் திரும்பினார். உடல்நலக் குறைவால் அவ்விடுப்பு 1854 வரை நீண்டது. ஒளிப்படக்கலை அறிமுகமாகிப் பதினைந்து ஆண்டுகூட ஆகாத காலம் அது. செய்முறைகளைத் தாமே முயன்று பழகிய டிரைப், 1853 இல் இலண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரானார்.

1854 இல் பெங்களூருக்குத் திரும்பியவர், அவ்வாண்டு இறுதியில் ஹளேபீடு, பேலூர் ஆகிய ஊர்களுக்குச் சென்று போசளர் காலக் கோயில்களைப் படமெடுத்தார். இதை யாரும் அவருக்குப் பணித்திருக்கவில்லை. அப்படங்களை 1855 இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் வைத்தபோது பாராட்டும் பதக்கமும் கிடைத்தன. அதே ஆண்டில் ஆளுநர் நாயகம் டல்ஹவுசி, பர்மிய அரசரிடம் அனுப்பிய தூதுக்குழுவில் டிரைப்பையும் சேர்த்துக்கொண்டார். அமரபுரம், பகான் முதலிய இடங்களில் இவர் 200 க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். 1856 இல் சென்னை மாகாண அரசு இவரைத் தனது ஒளிப்படக் கலைஞராக நியமித்தது.

தமிழகப் பயணம்

1857 டிசம்பரில் டிரைப் தமிழகப் பகுதிகளில் பயணம் தொடங்கினார். இதன் பயனாக மதுரை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், தஞ்சாவூரும் திருவையாறும், புதுக்கோட்டை, இராயக்கோட்டை ஆகியவற்றுக்கான படத்தொகுதிகள் 1858 இல் வெளிவந்தன.

இவற்றுள் மதுரைத் தொகுதி நான்கு பாகங்களாக அமைந்தது. மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், முற்றுப்பெறாத இராயகோபுரம், தெப்பக்குளம் ஆகியவற்றுடன், நகரின் கோட்டை மதிலை இடித்து ஊரை விரிவாக்கிய மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூணையும் இவர் படமாக்கினார். திருமலை நாயக்கர் அரண்மனையின் படங்கள் தனி மதிப்புடையவை. இன்று நாம் காணும் அரண்மனை, சென்னை ஆளுநராக 1866 முதல் 1872 வரை இருந்த நேப்பியர் பிரபு காலத்துச் சீரமைப்புக்கு உட்பட்டது. டிரைப்பின் படங்களில் இருப்பதோ அதற்கு முந்தைய, சிதைந்த நிலை. எந்தப் பகுதி பழையது, எது பின்னர் திருத்தப்பட்டது என்று ஆராய்வோருக்கு அவை சான்றாகின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலில் இவர் செய்தது வேறு வகையான வேலை. விமானத்தின் அடித்தளத்தில் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படிகளை ஒன்றோடொன்று இணைத்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் இக்கோயிலின் கல்வெட்டுகளை 1890களில் நூலாக வெளியிடுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னர் நடந்த செயல் இது. எழுத்துகளைப் படிக்க உதவுவதே இதன் நோக்கம் என்பதால், டிரைப்பின் படங்களுள் இதையே தலையாயதாகக் கொள்ளலாம்.

1858 இல் வெளிவந்த தொகுதிகளில் தெற்கே கடைசியாக உள்ள ஊர் மதுரையே. இன்றைய விருதுநகர் மாவட்டப் பகுதிக்கு அவற்றுள் தனித் தொகுதி இல்லை. சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் எழுந்தது 1920களிலும் அதற்குப் பின்னரும்தான். அவை வருவதற்கு முன் அப்பகுதி ஊர்கள் எவ்வாறு இருந்தன என்பதைக் காட்ட, திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தோடு சேர்த்து, இத்தகைய தொகுதி ஒன்று இருந்திருந்தால் பெரிதும் உதவியிருக்கும்.

படமெடுத்த முறை

டிரைப் பெரும்பாலும் மெழுகு ஏற்றிய தாளையே எதிர்ப்படமாகப் பயன்படுத்தினார். அக்காலத்தில் படியெடுக்கையில் உருவைப் பெரிதாக்கும் வழக்கம் இல்லாததால், வேண்டிய அளவுக்குக் கருவியும் தாளும் பெரியனவாக இருக்கவேண்டியிருந்தது. இவரது எதிர்ப்படங்கள் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம் அளவுடையவை. தாளில் உரு பதிய நெடுநேரம் பிடித்ததால், நடமாடும் மனிதர் பதிவாகாமல் போயினர். கூட்டம் நிறைந்த மதுரை இவர் படங்களில் ஆளற்ற ஊர்போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். வேதிப்பூச்சு நீல ஒளியை மிகுதியாக ஏற்றதால் வானம் வெறும் வெண்மையாகவே விழுந்தது. டிரைப் எதிர்ப்படத்தில் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். ஆகவே கட்டடங்களை நம்புவதுபோல் இவரது வானத்தை நம்ப முடியாது.

பணி நிறுத்தமும் பிற்காலமும்

1857 கிளர்ச்சிக்குப் பின் அரசின் நிதிநிலை மோசமாக இருந்தது. 1859 இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் திரவெலியன், ஒளிப்படப் பிரிவை அந்நிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி நிறுத்த ஆணையிட்டார். படியெடுக்கும் வேலைகள் முடிக்கப்பட்டு, 1860 இல் பிரிவு மூடப்பட்டது. சிக்கனம் என்ற அளவில் ஆணை நியாயமானதாக இருக்கலாம். ஆனால் டிரைப் படைப்பணிக்குத் திரும்பிய பின்னர், பர்மாவில் எடுத்த சில படங்களைத் தவிர, குறிப்பிடத்தக்க ஒளிப்படப் பணி எதையும் செய்யவில்லை. பொழுதுபோக்காகவேனும் தொடர்ந்திருக்கலாமே என்று எண்ணத் தோன்றுகிறது.

1870களின் நடுப்பகுதியில் ஓய்வு பெற்று, மதிப்புறு படைத்தலைவர் தகுதியுடன் டெவன்போர்ட்டில் வாழ்ந்து, 1902 இல் அங்கேயே காலமானார். இவரது படங்கள் பிரித்தானிய நூலகம், இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் முதலிய இடங்களில் உள்ளன. 2014-15 இல் வாசிங்டன், நியூயார்க், இலண்டன் ஆகிய நகரங்களில் இவரது இந்திய, பர்மியப் படங்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடைபெற்றது.