பகைவருக்கு மாடு அனுப்பிய மன்னர்

ஆப்பிரிக்காவின் தென் பகுதியில் லெசோத்தோ என்ற சின்னஞ்சிறு மலைநாடு இருக்கிறது. நான்கு பக்கமும் தென் ஆப்பிரிக்கா சூழ்ந்த நாடு அது. ஆண்டுதோறும் மார்ச் 11-ந் தேதி அங்கே விடுமுறை. 1870-ம் ஆண்டில் அந்த நாளில் காலமான ஒரு மன்னரின் நினைவாக விடப்படும் விடுமுறை.

அவர் பெயர் மொஷ்வேஷ்வே. சிதறிக் கிடந்த மாடு மேய்க்கும் கூட்டங்களைச் சேர்த்து, பசோத்தோ என்ற ஒரே இனமாக ஆக்கியவர் அவர்.

சவரக்கத்தியின் ஓசை

மொஷ்வேஷ்வே 1786-ம் ஆண்டு வாக்கில் பிறந்தார். தகப்பனார் ஒரு சிறு கூட்டத்தின் தலைவர். பிள்ளைக்கு முதலில் இட்ட பெயர் லெப்போகோ. அதற்குச் சச்சரவு என்று பொருள்.

அந்த மக்களுக்கு மாடுதான் செல்வம். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு மாடு கொடுக்க வேண்டும். குற்றம் செய்தால் அபராதமும் மாடுதான். ஆகவே, பக்கத்துக் கூட்டத்தாரின் மாடுகளை ஓட்டி வருவது வீரச் செயலாகக் கருதப்பட்டது. பறிகொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் படை திரட்டி வருவார்கள். பகை வளரும்.

இளம் வயதில் லெப்போகோவும் இப்படிப் புறப்பட்டவர்தான். ரமோனஹெங் என்ற தலைவரின் மாடுகளை ஓட்டி வந்தார். அவருடைய தாடியையே மழித்து விட்டதாகப் பாடிப் பெருமைப்பட்டார். சவரக்கத்தி எழுப்பும் ஷ்வே, ஷ்வே என்ற ஓசையே அவருக்குப் பெயராக நிலைத்தது.

இந்த முரட்டு வாலிபரை, பாட்டனார் பீட்டே ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். அவர் மொஹ்லோமி. தலைவராகவும் வைத்தியராகவும் புகழ் பெற்றவர். ஏழைகளிடம் இரக்கம் காட்டவும், அண்டை அயலாருடன் சமாதானமாக வாழவும் அவர் புத்தி சொல்லி அனுப்பினார்.

பாட்டனாரின் சமாதி

1820-ம் ஆண்டுகளில் அந்த வட்டாரமே போரால் அலைக்கழிந்தது. விரட்டப்பட்ட கூட்டங்கள் மற்றவர்களை விரட்டின. பயிர் அழிந்தது, மாடுகள் பறிபோயின. பசி தாங்காமல் சிலர் மனிதரையே தின்னத் தொடங்கினார்கள்.

1824-ம் ஆண்டில் மொஷ்வேஷ்வே தம் மக்களோடு தபா போசியு என்ற மலைக்குக் குடிபெயர்ந்தார். இரவின் மலை என்பது அந்தப் பெயரின் பொருள். உச்சி தட்டையானது. அங்கே ஊற்று நீரும் மேய்ச்சல் புல்லும் உண்டு. ஏறிச் செல்லச் சில குறுகிய வழிகளே உள்ளன.

போகும் வழியில் பெரும் துயரம் நேர்ந்தது. பின்தங்கிய பாட்டனார் பீட்டேயை மனிதரைத் தின்னும் கூட்டத்தார் பிடித்துக் கொன்று தின்று விட்டார்கள். பிற்பாடு அவர்கள் சிக்கியபோது, வெட்டிப் போட வேண்டும் என்றே எல்லோரும் துடித்தார்கள்.

மொஷ்வேஷ்வே மறுத்து விட்டார். பாட்டனார் அடங்கியிருப்பது இவர்கள் வயிற்றில். ஆகவே இவர்களே அவருடைய சமாதி. அதை இடிக்கலாகாது என்று தீர்ப்புச் சொன்னார். சமாதிக்குச் செய்யும் சடங்கை அவர்கள் உடம்புக்குச் செய்ய வைத்தார். மாடும் நிலமும் கொடுத்துக் குடியமர்த்தினார்.

அடைக்கலம் தேடி வந்த மற்றவர்களையும் அவர் ஏற்றுக் கொண்டார். மாடு இல்லாதவருக்குத் தம் மாட்டை வளர்க்கக் கொடுத்தார். பால் வளர்ப்பவருக்கு, கன்று மன்னருக்கு. குடும்பமும் பிழைத்தது, உறவும் நிலைத்தது.

தோற்றவருக்குத் தானம்

1831-ம் ஆண்டில் மிசிலிகாசி என்ற மன்னரின் படை தபா போசியுவைத் தாக்கியது. மேலேயிருந்து பாறைகள் உருண்டன, ஈட்டிகள் பாய்ந்தன. படை தோற்றுப் பின்வாங்கியது.

போகிறவர்களின் பின்னாலேயே மொஷ்வேஷ்வே கொழுத்த மாடுகளை அனுப்பினார். நீங்கள் பசியால்தான் வந்திருக்க வேண்டும், வழியில் இதைச் சாப்பிடுங்கள் என்பது அவர் சொல்லி அனுப்பிய செய்தி. அந்தப் படை அவர் மீது மறுபடி வரவேயில்லை.

1852-ம் ஆண்டில் பிரிட்டிஷ் கவர்னர் காத்கார்ட் படையுடன் வந்தார். மாடு திருடியதற்கு ஈடாக 10,000 மாடுகளும் 1,000 குதிரைகளும் மூன்றே நாளில் வர வேண்டும் என்றார். சுமார் 3,500 மாடுகளே வந்து சேர்ந்தன. டிசம்பர் 20-ந் தேதி போர் மூண்டது. பசோத்தோ வீரர்கள் வெள்ளையர் படையைத் தடுத்து நிறுத்தி விட்டார்கள்.

அன்று இரவே மன்னர் கடிதம் எழுதச் செய்தார். கவர்னர் தம் பலத்தைக் காட்டி விட்டார். மாடுகளும் பிடித்து விட்டார். இதோடு சமாதானம் செய்யலாம் என்று அதில் கேட்டிருந்தார். காத்கார்டின் கௌரவமும் காப்பாற்றப்பட்டது. அவர் படையோடு திரும்பிப் போனார்.

கை நழுவிய நிலம்

ஆனால், எல்லாம் அவர் எண்ணப்படி நடக்கவில்லை. தம்பி பொஷோலி போன்ற சொந்தக்காரர்களே மாடு கவர்வதை விடவில்லை. அண்டையில் குடியேறியிருந்த போயர் வெள்ளையர்களோ மேய்ச்சல் நிலத்துக்குக் குறிவைத்தார்கள். 1858-ம் ஆண்டிலும், மீண்டும் 1865-ம் ஆண்டிலும் போர் வெடித்தது. பயிர்கள் கொளுத்தப்பட்டன. நல்ல விளைநிலத்தில் பெரும் பகுதி பறிபோயிற்று.

மிச்ச நாட்டைக் காப்பாற்ற, முதிர்ந்த மன்னர் பிரிட்டிஷாரின் பாதுகாப்பை நாடினார். 1868-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி அது கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் அவர் கண் மூடினார். தபா போசியுவிலேயே அடக்கமானார். அந்த மலையைக் கடைசி வரை எந்தப் படையும் பிடிக்கவில்லை.

1966-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி லெசோத்தோ சுதந்திரம் பெற்றது. இன்றும் அவர் வம்சத்தாரே அங்கு மன்னர்.

இழந்த நிலம் திரும்பவில்லை. ஆனால், அவர் ஒன்று சேர்த்த மக்கள் ஒரு நாடாக நிலைத்திருக்கிறார்கள். பாட்டனாரைத் தின்றவர்களின் பிள்ளைகளும் அந்த மக்களில் கலந்து விட்டார்கள்.