கைக்குழந்தைக்கும் உதவித்தொகை: உமர் (ரலி) ஆட்சியில் ஆதரவற்ற தாய்மார்கள்

உமர் (ரலி) என்றதும் நம்மில் பலருக்குச் சாட்டையும் கண்டிப்பும்தான் நினைவுக்கு வரும். அவருடைய சுமார் பத்தரை ஆண்டு ஆட்சியில் ஷாமும் மிஸ்ரும் பாரசீகத்தின் பெரும்பகுதியும் இஸ்லாமிய ஆட்சியின் கீழ் வந்தன. அந்த வெற்றிகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அதே ஆட்சியில், ஒதுங்க இடமில்லாமல் குழந்தையோடு நின்ற தாய்மார்களுக்கு என்ன கிடைத்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

யானை ஆண்டுக்குச் சுமார் 13 ஆண்டுகளுக்குப் பின் மக்காவில், குறைஷிகளின் அதீ கிளையில் பிறந்தவர் உமர். சிறுவயதில் தந்தை கத்தாபின் ஒட்டகங்களை மேய்த்து, அவரிடம் அடியும் வாங்கி வளர்ந்தார். ஆரம்பத்தில் முஸ்லிம்களைக் கடுமையாகத் துன்புறுத்தினார். லைலா பின்த் அபீ ஹஸ்மா (ரலி) என்ற பெண்மணி அபிசீனியாவுக்குப் புறப்பட மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது உமர் அங்கே வந்து நின்றார். ஊரை விட்டே போகிறீர்களா என்று கேட்டார். உங்கள் கொடுமை தாங்காமல்தான் போகிறோம் என்று அப்பெண்மணி முகத்துக்கு நேராகச் சொன்னார். உமர் கோபப்படவில்லை. அல்லாஹ் உங்களுக்குத் துணையிருக்கட்டும் என்று கூறிவிட்டுப் போனார். அவர் முகத்தில் தெரிந்த வருத்தத்தை லைலா சொன்னபோது கணவர் நம்பவில்லை. கத்தாபின் கழுதை இஸ்லாத்தை ஏற்றாலும் ஏற்கும், கத்தாபின் மகன் ஏற்கமாட்டார் என்றார். நபித்துவத்தின் 6ஆம் ஆண்டில் உமர் இஸ்லாத்தை ஏற்றார்.

ஹிஜ்ரி 13இல் (கி.பி. 634) கலீஃபா ஆனார். இரவில் மதீனாவைச் சுற்றிவருவது அவருக்கு வழக்கம். அப்படியோர் இரவில் வெறும் தண்ணீரை அடுப்பில் வைத்துப் பிள்ளைகளின் பசியை ஏமாற்றிக்கொண்டிருந்த தாயைக் கண்டதும், மாவு மூட்டையைத் தாமே முதுகில் சுமந்து சென்றதும் எல்லா பயான்களிலும் கேட்டதுதான். ஸஹீஹுல் புகாரியில் உள்ள மற்றொரு நிகழ்ச்சி ஏனோ அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

கடைவீதிக்கு உமர் (ரலி) போய்க்கொண்டிருந்தபோது ஓர் இளம்பெண் பின்னால் வந்தார். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் சிறியவர்கள், விளைநிலமும் இல்லை, பால் கறக்கும் கால்நடையும் இல்லை என்றார். சமைக்க ஓர் ஆட்டுக்கால்கூட இல்லாத நிலை. தாம் குஃபாஃப் பின் ஈமா அல்கிஃபாரியின் மகள் என்றும், தம் தந்தை ஹுதைபிய்யாவில் நபி (ஸல்) அவர்களுடன் இருந்தவர் என்றும் சொன்னார். கலீஃபா மேற்கொண்டு ஓரடியும் நடக்கவில்லை. நின்று கேட்டார். பிறகு வீட்டில் கட்டியிருந்த வலுவான ஒட்டகத்தின் மேல் இரண்டு மூட்டை உணவும், நடுவே பணமும் துணியும் ஏற்றி, மூக்கணாங்கயிற்றை அப்பெண்ணின் கையிலேயே கொடுத்தார். இது தீர்வதற்குள் அல்லாஹ் வேறு நன்மையைத் தருவான் என்று சொல்லி அனுப்பினார். அதிகமாகக் கொடுத்துவிட்டீர்களே என்று ஒருவர் முணுமுணுத்தபோது அவரைக் கடிந்துகொண்டார். இப்பெண்ணின் தந்தையும் சகோதரரும் முற்றுகையிட்டு வென்ற கோட்டையிலிருந்துதானே நாம் பங்கு பெறுகிறோம் என்பது அவர் வாதம். கொடுத்தது தர்மம் அல்ல, அவளுடைய பாத்தியதை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் கைக்குழந்தையுடன் நிற்கும் பெண்ணைக் கடந்து போகும்போது இதை நினைத்துப் பார்க்கலாம். அங்கே நின்றவர் கலீஃபா. இங்கே நாம் அவளை நிற்கவைக்கிறோம்.

ஹிஜ்ரி 18இல் கடும் பஞ்சம் வந்தது. சாம்பல் ஆண்டு என்று அதற்குப் பெயர். பாலைவனத்துக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வந்து மதீனாவைச் சுற்றித் தங்கின. உமர் (ரலி) நெய்யைத் தொடாமல் எண்ணெயை மட்டும் உண்டு, நிறமே கறுத்துப்போனார். ஓர் இரவு கணக்கெடுத்தபோது அவருடைய பந்தியில் உண்டவர்கள் 7,000 பேர். எழுந்து வர முடியாத நோயாளிகளும் பெண்களும் குழந்தைகளுமாக 40,000 பேருக்குத் தங்கிய இடத்துக்கே உணவு போனது என்று இப்னு ஸஅத் எழுதுகிறார். மழை பெய்ததும் அவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. வழிக்கு உணவும் வாகனமும் கொடுத்துச் சொந்த இடங்களுக்குத் திருப்பி அனுப்பினார்.

சட்டத்தையே மாற்றிய இரவு ஒன்றும் உண்டு. வெளியூர் வணிகக் கூட்டம் ஒன்று ஊருக்கு வெளியே தொழுகைத் திடலில் தங்கியிருந்தது. உமரும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபும் (ரலி) காவல் இருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. உமர் மூன்று முறை எழுந்துபோய்த் தாயிடம் கேட்டார். யாரென்று தெரியாமலேயே அந்தத் தாய் பதில் சொன்னார்: பால்குடி மறந்த பிள்ளைக்குத்தான் கலீஃபா உதவித்தொகை தருகிறார், அதற்காகவே சீக்கிரம் மறக்கடிக்கிறேன். விடிந்ததும் ஃபஜ்ர் தொழுகையில் உமர் அழுத அழுகையில் அவர் ஓதியது பின்னால் நின்றவர்களுக்கு விளங்கவில்லை. தம்முடைய விதியால் எத்தனை குழந்தைகள் மடிந்தனவோ என்று கலங்கினார். பிறக்கும் ஒவ்வொரு முஸ்லிம் குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு, பால்குடி மறக்கடிக்க அவசரப்படாதீர்கள் என்று அறிவிக்கச் செய்து, எல்லாப் பகுதிகளுக்கும் எழுதினார். குழந்தைக்கு 100 திர்ஹம், வளர்ந்தால் 200. யாரோ விட்டுச்சென்ற குழந்தை கண்டெடுக்கப்பட்டால் அதற்கும் 100. பாலூட்டும் செலவு பைத்துல் மாலைச் சேர்ந்தது.

ஒரு தாயின் பதில் ஓர் ஆட்சியின் விதியை ஒரே இரவில் புரட்டிப்போட்டது. நான் வியப்பது அந்த ஆட்சியாளரின் கண்ணீரை அல்ல. கடிதம் எழுதிய வேகத்தை.

ஹிஜ்ரி 23இல், அல்லாஹ் என்னை உயிரோடு வைத்தால் இராக்கின் விதவைகள் எனக்குப் பின் எந்த ஆணிடமும் கையேந்தாத நிலையில் விட்டுச்செல்வேன் என்று உமர் (ரலி) கூறினார். அதன்பின் நான்கு நாள்கூடச் செல்லவில்லை. ஃபஜ்ர் தொழுகையில் குத்தப்பட்டார்.

கைக்குழந்தைத் தொகை அவரோடு நின்றுவிடவில்லை. அடுத்த கலீஃபா உஸ்மான் (ரலி), வழக்கமாக வீட்டுக்கு வந்துபோகும் ஒரு பெண்ணை ஒருநாள் காணவில்லையே என்று விசாரித்தார். குழந்தை பிறந்திருப்பதாகச் சொன்னார்கள். உடனே 50 திர்ஹமும் ஒரு துண்டுத் துணியும் அனுப்பிவைத்தார். ஓராண்டு நிறைந்ததும் அதை 100 ஆக்குவோம் என்றும் சொல்லியனுப்பினார்.