இன்றைய நாள் போதும்



அக்டோபர் முதல் நாள் வந்துவிட்டால் நம் ஆலயங்கள் பலவற்றில் ஒரு சுருபத்தின் முன் ரோசா மலர்கள் குவிந்துவிடும். பழுப்பு அங்கி, வெண்ணிற மேலாடை, கைகளில் பாடுபட்ட சுருபம், அதைச் சுற்றிலும் மலர்கள். சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசா அவர். அந்தப் புன்னகை முகத்தைப் பார்க்கிறவர்களுக்கு, கவலை என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பெண் இவர் என்று தோன்றும். உண்மை அதுவல்ல. நடந்து முடிந்ததை நினைத்துப் பல ஆண்டுகள் அழுதவர் இவர். வரப்போவதை நினைத்து நடுங்குவதற்கும் இவருக்குக் காரணங்கள் நிறையவே இருந்தன. இந்த இரண்டுக்கும் நடுவே, இன்று என்னும் ஒரு நாளில் வாழ இவர் எப்படிக் கற்றுக்கொண்டார் என்று சற்றுச் சிந்திப்போம்.

நேற்றின் காயம்

தெரேசா 1873ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் பிரான்ஸ் நாட்டின் அலென்சோன் நகரில் பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி லேஸ் பின்னும் தொழிலை நடத்தியவர். அவர்களுக்குப் பிறந்த ஒன்பது பிள்ளைகளில் நான்கு பேர் சிறுவயதிலேயே இறந்துபோயினர். எஞ்சிய ஐந்து பெண்களில் கடைக்குட்டி தெரேசா.

1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் தாய் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அப்போது தெரேசாவுக்கு நாலரை வயது. அதுவரை துறுதுறுவென்று ஓடித்திரிந்த குழந்தை அன்றோடு மாறிப்போனாள். குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. அக்கா பவுலினைத் தன் இரண்டாம் தாயாகப் பற்றிக்கொண்டாள். 1882இல் பவுலினும் கார்மேல் மடத்தில் சேர்ந்துவிட, தாயை இரண்டாம் முறை இழந்ததுபோல் ஆனது. மறு ஆண்டு கடுமையான நோய் கண்டு பல வாரங்கள் படுக்கையில் கிடந்தாள். அதன்பிறகு, செய்துவிட்ட சின்னஞ்சிறு தவறுகளையும் பாவமோ பாவமோ என்று திரும்பத் திரும்பக் கிளறிப் பார்க்கும் மனச்சஞ்சலம் பிடித்துக்கொண்டது. எதற்கெடுத்தாலும் அழுகை. அழுது ஓய்ந்தபின், அழுதுவிட்டோமே என்று அதற்காக மீண்டும் ஓர் அழுகை. நேற்றைய நாளுக்குள் சிறைப்பட்ட மனம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை.

1886ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் அந்தச் சிறை திறந்தது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பினார்கள். கணப்படுப்பின் அருகே குழந்தைகளின் காலணிகளில் பரிசுகளை வைப்பது அவர்கள் நாட்டு வழக்கம். தெரேசாவுக்கு அப்போது 13 வயது. களைப்போடு இருந்த தந்தை, நல்லவேளை இந்த வேடிக்கை இந்த ஆண்டோடு முடிகிறது என்ற பொருளில் ஏதோ சொன்னது மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த தெரேசாவின் காதில் விழுந்தது. கண்கள் கலங்கின. அக்கா செலினுக்குத் தெரியும், அடுத்து என்ன நடக்கும் என்று. உடனே கீழே போகாதே என்று தடுத்தாள். ஆனால் தெரேசா கண்ணீரை அடக்கிக்கொண்டு படியிறங்கிப் போய், தந்தையின் முன் அமர்ந்து, ஒவ்வொரு பரிசாக எடுத்துச் சிரித்து மகிழ்ந்தாள். தந்தையும் சிரித்தார்.

நடந்தது இவ்வளவுதான். காட்சியோ புதுமையோ எதுவுமில்லை. ஆனால் நாலரை வயதில் தொலைத்த மன உறுதியை அன்றிரவு திரும்பப் பெற்றதாகவே பிற்காலத்தில் அவர் எழுதினார். தாயை அவர் மறந்துவிடவில்லை. பழைய வருத்தத்தை இன்றைய வேளையின் மேல் கொட்டுவதை மட்டும் நிறுத்தினார்.

காத்திருந்த நாட்கள்

பழையதை விட்ட மனத்துக்கு அடுத்து வரும் சோதனை எதிர்காலம். 15 வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்பது தெரேசாவின் தீராத ஆவல். வயது போதாது என்று தடை வந்தது. ஆயரைச் சந்தித்தார். 1887 நவம்பர் 20ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை 13ஆம் லியோவின் பாதத்தருகே முழந்தாளிட்டு நேரடியாகவே கேட்டுவிட்டார். உடனே இசைவு கிடைக்கவில்லை. காவலர்கள் அவரைத் தூக்கி அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. இன்றைய நாளில் வாழ்வது என்றால் கைகட்டி உட்கார்ந்திருப்பது அல்ல என்பதை இங்கே நாம் கவனிக்க வேண்டும். செய்ய வேண்டியதையெல்லாம் அவர் செய்தார்.

ஆயரின் இசைவு 1888 புத்தாண்டு நாளில் அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. ஆனால் தவக்காலம் முடிந்தபிறகே வரலாம் என்று மடத்தில் சொல்லிவிட்டார்கள். இன்னும் மூன்று மாதங்கள்! மடத்தில் சேரும்வரை கொஞ்சம் தாராளமாகவே இருந்துவிடலாமே என்ற எண்ணம் முதலில் அவருக்கும் எழுந்தது. நம் எல்லாருக்கும் வரும் எண்ணம்தான் அது. வேலை கிடைத்தபின், திருமணம் முடிந்தபின், பிள்ளைகள் தலையெடுத்தபின் வாழத் தொடங்கலாம் என்று இடையிலுள்ள நாட்களை வெறுமனே கழித்துவிடுகிறோம். தெரேசா விழித்துக்கொண்டார். எதிர்த்துப் பேச வந்த வார்த்தையை விழுங்குவது, பிறர் அறியாமல் சிறு உதவி செய்வது என்று அந்த நாட்களையே நிரப்பினார். ஏப்ரல் 9ஆம் நாள் மடத்தின் கதவு திறந்தபோது, காத்திருந்த காலமும் அவருக்கு வாழ்ந்த காலமாகவே இருந்தது.

மடத்துக்குள் அவருடைய நாட்கள் பெரிய செயல்களால் ஆனவை அல்ல. நவதுறவியாக இருந்தபோது, நடக்க முடியாத ஒரு முதிய சகோதரியை மாலைதோறும் உணவறைக்கு அழைத்துச் செல்லும் வேலையைத் தாமே முன்வந்து ஏற்றார். அந்தச் சகோதரியைத் திருப்திப்படுத்துவது எளிதல்ல. வேகமாக நடந்தால் ஒரு குறை, மெதுவாக நடந்தால் ஒரு குறை. குளிர்காலத்து மாலை ஒன்றில் அவரைத் தாங்கி நடத்திச் செல்லும்போது, தொலைவில் இசை கேட்டது. விளக்குகள் ஒளிரும் கூடமும் அழகிய உடையணிந்த பெண்களும் தெரேசாவின் மனக்கண்முன் தோன்றினர். திரும்பிப் பார்த்தால் மங்கலான வெளிச்சத்தில் செங்கல் சுவர், பக்கத்தில் முனகும் நோயாளி. ஆனாலும் அந்தச் சில நிமிடங்களை உலகத்து விருந்துகள் எதற்கும் மாற்றிக்கொள்ளத் தமக்கு மனமில்லை என்று உணர்ந்தார். அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். மனம் வேறெங்கும் குடிபோகவில்லை.

இதே ஆண்டுகளில்தான் அவருடைய அன்புத் தந்தை மனநலம் குன்றினார். 1889 பிப்ரவரியில் கேன் நகரின் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே இருந்தார். அடைப்பட்ட மடத்திலிருந்த மகளால் போய்ப் பார்க்கவும் இயலவில்லை. வீடு திரும்பியும் முடங்கிக் கிடந்த தந்தை 1894 சூலை 29ஆம் நாள் இறந்தார். அதற்கு முந்தைய மாதத்தில், அக்கா மரியாவுக்காகத் தெரேசா ஒரு கவிதை எழுதினார். அதன் பொருள் இன்றைய நாள் ஒன்றே. துன்பம் தெரியாத மனத்திலிருந்து வந்த கவிதை அல்ல அது.

விளக்கு அணைந்த இரவு

1896ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், பெரிய வியாழன். நள்ளிரவு வரை நற்கருணை முன் செபித்துவிட்டுத் தம் அறைக்குத் திரும்பிய தெரேசா, தலையணையில் தலை வைத்ததும் ஏதோ பொங்கி வாய்வரை வருவதை உணர்ந்தார். காசநோய் அந்த நாட்களில் ஏறக்குறைய சாவின் அழைப்பு. விளக்கை ஏற்றிப் பார்த்தால் அது இரத்தமா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆனால் விளக்கை அவர் ஏற்கனவே அணைத்திருந்தார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து உறங்கினார். விடிந்தபின் சன்னலருகே சென்று பார்த்தார். இரத்தம்தான். உடனே மடத்தலைவியிடம் தெரிவித்தார்.

மருத்துவப் பரிசோதனையின் முடிவு நாளைதான் வரும் என்றால், இன்றிரவு நம்மில் எத்தனை பேர் உறங்குகிறோம்? காலையில் செய்ய வேண்டியதைத் தெரேசா காலையில் செய்தார். இரவுக்குரிய ஓய்வை இரவுக்கே விட்டுவைத்தார்.

சாவைக் கண்டு அவர் அஞ்சவில்லை. விண்ணகம் அவருக்கு அவ்வளவு அருகில் இருந்தது. ஆனால் அந்த ஆறுதலும் சில நாட்களில் பறிபோனது. பாஸ்கா காலத்தில் அவருடைய உள்ளத்தை இருள் சூழ்ந்தது. விண்ணகம் என்று ஒன்று இல்லவே இல்லையோ, இறப்புக்குப்பின் வெறும் இருள்தானோ என்ற எண்ணம் அவரை விடாமல் வாட்டியது. அது இறுதிவரை முழுமையாக நீங்கவில்லை. இனிய எதிர்காலத்தை எண்ணி இன்றைய துன்பத்தைத் தாங்குவோர் உண்டு. தெரேசாவுக்கு அந்த வழியும் அடைபட்டது. இன்று நம்புவது, இன்று அன்பு செய்வது என்ற இரண்டு மட்டுமே எஞ்சின. அவற்றை அவர் பிடித்துக்கொண்டார்.

வியட்நாம் நாட்டின் ஹனோய் கார்மேல் மடத்துக்குச் செல்லும் ஆவலும் நோயால் நிறைவேறவில்லை. 1897 சூன் மாதம் தோட்டத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்து தம் நினைவுகளின் கடைசிப் பகுதியை எழுதினார். ஒவ்வொரு சகோதரியாக வந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். எழுத்து தடைபட்டது. வந்தவர்களையே அந்த வேளையின் கடமையாக ஏற்றார். பேனா பிடிக்கக் கையில் வலுவில்லாமல் போனபோது கடைசிப் பக்கங்களைப் பென்சிலால் எழுதினார்.

சூலை 8ஆம் நாள் நோயாளர் அறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். வலி தணிக்கும் மார்பின் மருந்து அவருக்குத் தரப்படவில்லை. அளவுகடந்த வலி ஒரு மனிதரை எங்கே இழுத்துச் செல்லும் என்பதை அப்போது அவர் அறிந்தார். அத்தகைய நோயாளிகளின் கைக்கு எட்டும் இடத்தில் நஞ்சாகக்கூடிய மருந்துகளை வைக்கலாகாது என்று தம்மைக் கவனித்தவர்களுக்கு எடுத்துச் சொன்னார். எப்படித் தாங்குகிறீர்கள் என்று வியந்தவர்களிடம், தாம் நொடிக்கு நொடி மட்டுமே துன்புறுவதாகவும், பழையதையும் வரப்போவதையும் சேர்த்து எண்ணுவதால்தான் மனிதர் மனம் தளர்கிறார்கள் என்றும் தெரிவித்தார். செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, 24 வயதில், இறைவனடி சேர்ந்தார்.

நமக்கு

லிசியே மடத்தின் மதில்களுக்குள் 9 ஆண்டுகள் மட்டுமே வாழ்ந்த இவர் 1925இல் புனிதராக உயர்த்தப்பட்டார். 1927இல், நம் முத்துக்குளித்துறை மக்களிடையே நடந்து திரிந்த புனித பிரான்சிஸ் சவேரியாரோடு மறைப்பணிகளின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். 1997இல் திருச்சபையின் மறைவல்லுநர் ஆனார். இவற்றில் எதையும் அவர் திட்டமிடவில்லை.

பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் நாளைக்கென்று எடுத்துவைத்த மன்னா புழுத்துப்போனதை நாம் அறிவோம். இயேசு கற்பித்த செபத்திலும் நாம் கேட்பது இன்றைய உணவையே. இறைவனின் அருளும் அப்படித்தான் வருகிறது. நாளைய துன்பத்தை இன்றே சுமக்க முயலும்போது நாம் நொறுங்கிப்போவதற்குக் காரணம், அதற்குரிய அருள் இன்னும் நம் கைக்கு வரவில்லை என்பதே. நேற்றைய துன்பத்துக்குரிய அருளோ நேற்றே தரப்பட்டுவிட்டது.

பிள்ளையின் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கலாம், அதற்காக உழைப்போம். உடன்பிறந்தவரோடு பழைய பகை இருக்கலாம். ஒப்புரவாக ஓர் அடி எடுத்துவைப்போம். இவை இன்றைய வேலைகள். ஆனால் இரவில் விளக்கை அணைத்தபின் மனத்தில் மீண்டும் ஒரு விளக்கை ஏற்றிக்கொண்டு, நேற்றையும் நாளையையும் விடியும்வரை தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நம் வீட்டில் ஒரு முதியவர் கைபிடித்து நடத்திச் செல்லக் காத்திருக்கலாம். நமக்குத் தரப்பட்ட நிமிடங்கள் அவைதான்.

சிறுமலரின் மன்றாட்டால், இன்றைய நாளை இன்றே வாழும் அருளை இறைவன் நம் அனைவருக்கும் தருவாராக.