ராஜ்யம் போன பிறகும் ஆடிய மன்னர்

தேவராஜ மொஹல்லாவில் உள்ள ஜகன்மோகன் அரண்மனைக்குச் சென்று வந்த நம் அன்பர்கள் ரவிவர்மாவின் ஓவியங்களைப் பற்றியும், ஹல்தன்கர் வரைந்த விளக்கேந்திய பெண்ணைப் பற்றியும் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1861-ல் அந்த அரண்மனையைக் கட்டிய மும்மடி கிருஷ்ணராஜ உடையாரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனக்கு அவர்மேல் ஈடுபாடு உண்டானது கணிதத்தின் வழியாக.

1794 ஜூலையில் பிறந்தவர். திப்பு சுல்தான் மாண்ட 1799-ல், ஐந்து வயதுகூட நிரம்பாத இந்தக் குழந்தையை ஆங்கிலேயர் சிம்மாசனத்தில் அமர்த்தினார்கள். திவான் பூர்ணய்யா நிர்வாகத்தைக் கவனித்தார். பின்னர் மன்னரே ஆண்டார். நகர் பகுதியில் எழுந்த குடியானவர் கிளர்ச்சியைக் காரணம் காட்டி, 1831-ல் கம்பெனியார் ஆட்சியை எடுத்துக்கொண்டார்கள். அப்போது அவருக்கு வயது 37. அவர் ஆட்சியில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. தாராளமாகச் செலவு செய்தவர்தான்.

அதன்பின் பட்டம் உண்டு, மானியம் உண்டு, தசரா தர்பாரும் உண்டு. கோப்பில் உத்தரவு எழுதும் அதிகாரம் மட்டும் இல்லை. ஆயுள் முழுவதும் கோப்புகளோடு உழன்ற எனக்கு அந்த நிலை நன்றாகவே புரிகிறது. ராஜா வேஷத்தை ராஜாவே போட்டு ஆடவேண்டிய நிலை!

ஆங்கிலத்தில் வீணைக்கும் நாடகத்துக்கும் பந்துக்கும் 'ப்ளே' என்ற ஒரே சொல். நாம் வீணையை வாசிக்கிறோம்; மற்றதையெல்லாம் ஆடுகிறோம். சீட்டாட்டம், நடனமாட்டம், நாடகமாடுதல், கடைசியில் வாழ்க்கையில் ஆடி ஓய்வது வரை. மன்னர் இவை எல்லாவற்றிலும் இருந்தார். தியாகராஜ ஸ்வாமிகளின் சிஷ்ய பரம்பரையில் வந்த மைசூர் சதாசிவ ராவ் அவருடைய ஆஸ்தான வித்வான். மன்னர் தொகுத்த ஸ்ரீதத்வநிதி ஒன்பது நிதிகள் கொண்டது. முதல் நிதிகள் தெய்வ வடிவங்களைச் சொல்ல, கடைசியான கௌதுக நிதி விளையாட்டுகளைச் சொல்கிறது. தெய்வத்தோடு சீட்டுக்கட்டையும் ஒரே நூலில் வைக்க அவர் கூசவில்லை. அவர் வகுத்த சாமுண்டேஸ்வரி சீட்டாட்டத்துக்கு 16 இனங்கள், 320 சீட்டுகள்! அத்தனை சீட்டை நினைவில் வைத்து ஆட எவ்வளவு பொறுமை வேண்டும்!

என்னை ஈர்த்தது அவருடைய குதிரை நடை. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களையும் குதிரை ஒவ்வொரு முறைதான் மிதிக்க வேண்டும். அதுவே கடினம். வரைபடத்தாளில் நான் முயன்றால் ஐம்பதைத் தாண்டுவதற்குள் வழி அடைபட்டுவிடும். மன்னரோ, குதிரை மிதித்த வரிசைப்படி எண்களை இட்டு, படுக்கை வரிசை எதைக் கூட்டினாலும், செங்குத்து வரிசை எதைக் கூட்டினாலும் 260 வரும்படி அமைத்தார். (1 முதல் 64 வரை கூட்டினால் 2080; அதில் எட்டில் ஒரு பங்கு 260.) மூலைவிட்டங்களும் 260 ஆகும்படி இந்தப் பலகையில் ஒரு நடையும் இல்லை என்பது 2003-ல், கணினிகள் இரண்டு மாதம் ஓடிய பிறகுதான் உறுதியாயிற்று. மன்னருக்கோ கையும் மனமும்தான் கருவி.

ராஜ்யத்தை இழந்தவர் பொழுதுபோக்கில் மறைந்துகொண்டார் என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பலகையில் காட்டிய அதே பொறுமையை அவர் கல்கத்தாவிடமும் லண்டனிடமும் காட்டினார். ஆட்சியைத் திரும்பக் கேட்டு மனுமேல் மனுவாக அனுப்பினார். பதில் சாதகமாக வரவில்லை. பிள்ளை வாரிசு இல்லாத சமஸ்தானங்கள் பறிபோன காலம் அது. 1865-ல், எழுபது வயதில், இரண்டு வயதுக் குழந்தை சாமராஜேந்திரரை ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டார். 1867-ல் லண்டன் அதை ஏற்றது.

மறு ஆண்டு மார்ச் 27-ல் மன்னர் காலமானார். 1881 மார்ச் 25-ல், ஐம்பது ஆண்டுக்குப் பிறகு, மைசூர் ஆட்சி சாமராஜேந்திரரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 18.